சரக்குக் கப்பலின் குமிழ் முகப்பு: தடையைக் குறைக்கும் புடைப்பு

சரக்கில்லாத கப்பல் உயர்ந்து மிதக்கும்போது, அதன் முன்முனையான அணியத்தின் அடியில் உருண்டு திரண்ட ஒரு பகுதி முன்னோக்கித் துருத்தி நிற்பதைக் காணலாம். நீரைக் கிழித்துச் செல்ல வேண்டிய இடத்தில் இப்படியொரு மழுங்கிய புடைப்பு இருந்தால் தடை கூடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் உரிய வேகத்தில் செல்லும்போது குமிழ் எனப்படும் அந்தப் புடைப்பு தடையைக் குறைக்கிறது.

கப்பல் எதிர்கொள்ளும் நீர்த்தடையில் இரண்டு கூறுகள் முதன்மையானவை. ஒன்று, உடற்பகுதியின் மீது நீர் உரசுவதால் வரும் உராய்வுத் தடை. மற்றொன்று, அலைகளை எழுப்புவதில் ஆற்றல் செலவாவதால் வரும் அலைத் தடை. குமிழ் குறிவைப்பது இரண்டாவதை.

அணியத்தில் மோதும் நீரின் அழுத்தம் உயர்வதால் அங்கே அலை முகடு எழுகிறது. மேற்பரப்புக்குக் கீழே சற்று முன்னால் இருக்கும் குமிழோ தன் பங்குக்கு ஓர் அலைத்தொடரை உண்டாக்குகிறது. அதன் மேல் நீர் விரைந்து பாய்வதால் அழுத்தம் தாழ்ந்து, மேற்பரப்பில் அகடு, அதாவது அலைப் பள்ளம், உருவாகிறது. அந்த அகடு அணியத்தின் முகட்டோடு பொருந்தினால் இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு தணித்துவிடும். இரு தொடர்களும் கப்பலின் வேகத்திலேயே நகர்வதால் அவற்றின் அலைநீளமும் ஒன்றே; ஆகவே ஓரிடத்தில் நேரும் பொருத்தம் பின்னால் நெடுக நீடிக்கிறது. இந்த ஏற்பாட்டின் நுட்பமே இதில்தான் இருக்கிறது என்பேன். குமிழின் நீளம் அகடு விழும் இடத்தையும், பருமனும் ஆழமும் அதன் வலிமையையும் முடிவு செய்கின்றன.

ஆனால் அலைநீளம் வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப மாறுவது. 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஏறத்தாழ 68 மீட்டராக இருக்கும் அலைநீளம், 14 நாட் வேகத்தில் 33 மீட்டராகச் சுருங்கிவிடும். அப்போது முகடும் அகடும் பொருந்தாமல் போகலாம். குறைந்த வேகத்தில் அலைத் தடையின் பங்கே சிறிதாகிவிடுவதால், குமிழின் கூடுதல் பரப்பு தரும் உராய்வு மட்டுமே மிஞ்சவும் கூடும். சரக்கின்றிச் செல்கையில் குமிழ் பாதி வெளியே தெரிந்தால் நிலைமை இன்னும் மோசம்: அது நீரைத் தள்ளி, உடையும் அலைகளை எழுப்பும்.

அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் வடிவமைத்த குமிழ், 1910-இல் பணியில் சேர்ந்த டெலாவேர் போர்க்கப்பலில் இடம்பெற்றது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ இனுயி 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலைக் குறுக்கீட்டை ஆராய்ந்து பெரிய குமிழ்களின் பயனைக் காட்டிய பிறகு, அவை வணிகக் கப்பல்களில் பரவலாயின. 2008-க்குப் பின் எரிபொருளை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்த கொள்கலன் கப்பல்கள் சிலவற்றில், அதிவேகத்துக்கென அமைந்த குமிழை வெட்டி நீக்கிப் புதியதைப் பொருத்தினார்கள். எஃகை வெட்டி ஒட்டும் செலவையும் எரிபொருள் சேமிப்பு ஈடுகட்டியது.

இப்போது வடிவமைப்பாளர்கள் ஒரே வேகத்தை மனத்தில் கொள்ளாமல், கப்பல் எந்தெந்த வேகத்தில், எவ்வளவு அமிழ்ந்த நிலையில், எத்தனை காலம் ஓடும் என்று கணக்கிட்டே முகப்பை வரைகிறார்கள். அந்தக் கணக்கின் முடிவில் குமிழே இல்லாத செங்குத்தான அணியம் தேர்வாவதும் உண்டு.