நேச்சுரலைசேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘ரிவர்ஃப்ரண்ட் டெவலப்மென்ட்’, ‘ரிவர் நேச்சுரலைசேஷன்’ இரண்டையுமே நாம் ‘ஆற்றை அழகுபடுத்தும் பணி’ என்று ஒரே போர்வையில் சுருட்டிவிடுகிறோம். திருமணிமுத்தாறு ஓடும் சேலத்தில் இந்தக் குழப்பம் சும்மா விடக்கூடியதல்ல. முதலாவது கரைக்குச் செய்யும் வேலை: தடுப்புச்சுவர், நடைபாதை, விளக்கு, பெஞ்சு. இரண்டாவது ஆற்றுக்கே செய்யும் வேலை: கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, வளைவு நெளிவைத் திருப்பிக் கொடுத்து, கரையில் செடிகொடி வேரூன்ற விடுவது. ஒன்று சுவர் கட்டச் சொல்கிறது, மற்றது இடிக்கச் சொல்கிறது.

‘நேச்சுரலைசேஷன்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘நாஸ்கி’ என்றால் பிறத்தல். அதிலிருந்து ‘நாத்தூரா’, பிறவிக் குணம். ஆங்கிலத்தில் ‘நேச்சுரலைஸ்’ முதலில் ஆறு குளத்துக்கு வந்த சொல் அல்ல. வெளிநாட்டவருக்குக் குடியுரிமை தருவதற்கு அந்தப் பெயர். தாவரவியலில், வெளியிலிருந்து வந்த செடி இங்கேயே தானாகப் பெருகி நிலைத்துவிட்டால் அதற்கும் இதே சொல்தான். சேர்வராயன் மலையில் புதர் புதராக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி அந்தக் கணக்கில் ‘நேச்சுரலைஸ்’ ஆனதே! பொறியாளர்கள் ஆற்றுக்கு இந்தச் சொல்லைக் கையில் எடுத்தது பிற்பாடு. ஜெர்மன்காரர்கள் இதையே ‘ரெனாட்டூரியருங்’ என்கிறார்கள். ‘மறுபடியும்’ என்ற பொருள் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்கா நல்ல சான்று. அங்கே கல்லாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் வாய்க்காலாக ஓடியது. அதை உடைத்து, நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். பூங்காவுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த வேலியும் போனது. சாதாரண நாளில் மக்கள் தண்ணீர் ஓரம்வரை போய் உட்காரலாம். கனமழை பெய்தால் புல்வெளியே ஆற்றின் அகலமாகிவிடும், எச்சரிக்கை ஒலி கேட்டதும் ஏறிவிட வேண்டும். பழைய வாய்க்காலைவிட இது கூடுதல் வெள்ளத்தைத் தாங்குகிறது. பெயர்த்த கான்கிரீட்டைக்கூட வீணாக்காமல் பூங்காவிலேயே ஒரு குன்றாக அடுக்கிவிட்டார்கள்.

மியூனிக் நகரம் ஈசார் ஆற்றில் 8 கிலோமீட்டருக்கு 2000 முதல் 2011 வரை இதே வேலையைச் செய்தது. மேல்பகுதி ஊர்களின் கழிவுநீர் நிலையங்களில் கிருமிநீக்க வசதியும் சேர்த்தார்கள். சேலத்தில் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். சேர்வராயன் மலையில் பிறந்து, சுகவனேஸ்வரர் கோயிலை ஒட்டி ஊருக்குள் நுழைந்து, உத்தமசோழபுரம் தாண்டி, கடைசியில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு, நகருக்குள் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமக்கிறது. அதை நிறுத்தாமல் கரையில் நொச்சியும் வெட்டிவேரும் நட்டால் நாற்றத்துக்குத் தோரணம் கட்டிய கதைதான்.

சியோலின் சியோங்கேச்சியோனையும் பலர் இதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். மேம்பாலச் சாலையை அகற்றி, மூடிக் கிடந்த ஓடையை 2005-ல் திறந்துவிட்டது பெரிய காரியம்தான். ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்யும் தண்ணீர். மூடிய ஓடையை இப்படித் திறந்துவிடுவதற்கு ‘டேலைட்டிங்’ என்று தனிப்பெயர் உண்டு. தமிழில் ‘ஓடை திறப்பு’ போதும்.

சரி, நேச்சுரலைசேஷனுக்கு? ‘இயற்கைமயமாக்கல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘மயமாக்கல்’ ஒட்டினாலே தனியார்மயமாக்கலின் வாசனை அடிக்கிறது. மேலும் புதிதாக எதையோ ஆக்குவதுபோல் ஒலிக்கிறது. ‘இயல்’ என்ற வேருக்குத் தமிழில் செல்லுதல், நடத்தல் என்றும் பொருள் உண்டு. ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. எனவே என் பரிந்துரை ‘ஆற்றியல்பு மீட்பு’. ஏரி, ஓடை எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘நீர்நிலை இயல்பு மீட்பு’. ரிவர்ஃப்ரண்ட் திட்டத்துக்கு ‘ஆற்றங்கரை மேம்பாடு’ என்ற பெயர் இருக்கட்டும், சுவர் கட்டுகிறவர்கள் அதையே எழுதட்டும்.

துணைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆற்று நடுவே மண் சேர்ந்து மேடானால் திட்டு. இலக்கியத்தில் ஆற்றிடைக்குறை, துருத்தி. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010-ஐ ஒட்டி சேலம் மக்கள் குழுவினர் தூர்வாரிய மண்ணையே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள், பறவைகள் வந்து தங்கின. ‘ஃப்ளட்பிளெயின்’ என்பதைப் பாடநூல்கள் வெள்ளச் சமவெளி என்கின்றன. காவிரிக் கரையில் வெள்ளம் ஏறி இறங்கும் நிலத்துக்குப் படுகை என்றே பெயர். ஆனால் ‘காவிரிப் படுகை’ என்று மொத்த வடிநிலத்தையும் சொல்லிப் பழகிவிட்டதால், திட்ட அறிக்கையில் எழுதும்போது ‘ஆற்றோரப் படுகை’ என்று பிரித்துக் காட்டுவது நல்லது.