கண்ணுக்கு வெள்ளை, வெப்பத்துக்குக் கறுப்பு

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் நின்றால் காற்று பரவாயில்லை, உள்ளே வந்தால் ஃபேன் அனலைக் கொட்டுகிறது. வெயில் போய் இவ்வளவு நேரம் ஆன பிறகும் சூடு எங்கிருந்து வருகிறது?”

தலைக்கு மேலிருந்துதான். பத்துக்குப் பத்து அறையின் மேல் ஐந்து அங்குல கான்கிரீட் தளம் இருந்தால் அதன் எடை கிட்டத்தட்ட 2.8 டன். சித்திரை வெயிலில் அது 15 டிகிரி சூடேறினால் உள்ளே சேரும் வெப்பம் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம், அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் பத்து மணி நேரம் அணைக்காமல் வைத்த மாதிரி. கான்கிரீட்டுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். மேற்பரப்பு மதியம் ஒன்றரைக்கு உச்சத்தில் கொதித்தால், அடிப்பக்கம் உச்சத்தைத் தொடும்போது சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிடும், சுர்க்கி (செங்கல்தூள், சுண்ணாம்புக் கலவை) போட்டுத் தட்டோடு பதித்த தளமென்றால் இன்னும் தாமதம். அப்புறம் ராத்திரி முழுக்க அது உங்கள் மேல் வீசிக்கொண்டே இருக்கும். ஃபேன் பாவம், அது காற்றைக் குளிர்விப்பதில்லை, கூரைக்கு அடியில் தங்கிய சூட்டை எடுத்து உங்கள் மேல் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

ஜன்னல் விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வெளியே உள்ளேயை விடச் சூடாக இருக்கும் வரை மூடுங்கள், வெளியே குளிர்ந்ததும் எதிரெதிராக இரண்டு வழிகளைத் திறங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால் டேபிள் ஃபேனை அதில் வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், சூடு வெளியே போகும், கதவு வழியாகப் புதுக்காற்று வரும். பழைய வீடுகளில் கூரையை ஒட்டி ஒரு சின்ன வென்டிலேட்டர் வைத்தார்களே, அது மேலே ஏறும் சூடான காற்றுக்கான வாசல். இப்போது அதை அடைத்து ஃபால்ஸ் சீலிங் போடுகிறோம்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்த 10 யூனிட்டை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது, இலவசமாக. வானம்!

சூடாக இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும், பள்ளியில் படித்ததுதான். நம் தளத்தின் சூட்டில் இந்தக் கதிர்கள் அதிகம் வெளிப்படுவது சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் பெரும்பாலான அகச்சிவப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை மட்டும் ஒரு ஜன்னல் போலத் திறந்து கிடக்கிறது. நம் தளம் வீசும் கதிர் சரியாக அந்த ஜன்னலுக்குள் போய் விழுகிறது! வளிமண்டலத்தைத் தாண்டி நேரே விண்வெளிக்கு. தெளிவான, வறண்ட இரவில் ஒரு சதுர மீட்டர் தளம் இப்படி 50 முதல் 100 வாட் வரை இழக்கலாம். மேகமோ புழுக்கமோ இருந்தால் ஜன்னல் பாதி சாத்திக்கொள்ளும், சென்னைக்காரர்களுக்கு அதனால் கொஞ்சம் நஷ்டம்.

மார்கழிக் காலையில் பாருங்கள், வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் நனைந்திருக்கும், மரத்தடியில் நின்றது காய்ந்திருக்கும். “பனி பெய்கிறது” என்கிறோம், ஒன்றும் பெய்யவில்லை. வானத்தைப் பார்த்துக் கிடந்த சீட் தன் வெப்பத்தை மேலே கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவே குளிர்ந்துபோய், காற்றின் ஈரத்தைத் தன் மேல் இழுத்துக்கொண்டது. தலையில் துண்டு போடாமல் பனியில் நிற்காதே என்று பாட்டி திட்டியதை மூடநம்பிக்கை என்று நானே கேலி செய்திருக்கிறேன். ஜலதோஷம் வைரஸால் வருவது, அதில் மாற்றமில்லை. ஆனால் மொட்டைத் தலை வானத்துக்கு வெப்பத்தை இழக்கும் என்பது உண்மைதான், பாட்டிக்குப் பாதி மார்க்.

1775-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், அலகாபாத்தில் ஐஸ் தயாரிப்பதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். தரையில் ஆழமில்லாத குழி, அதில் கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ பரப்பி, மேலே மெருகிடாத மண் சட்டிகளில் காய்ச்சி ஆறிய தண்ணீர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இரவில் வைத்தால் விடிவதற்குள் ஐஸ். ஆவியாதலோடு வானமும் சேர்ந்து செய்த வேலை அது.

இதையே பட்டப்பகலில் செய்ய முடியுமா? 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுய் ஃபேனும் குழுவினரும் செய்து காட்டினார்கள். வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, 8–13 ஜன்னலில் மட்டும் நன்றாக வீசும் ஏழு அடுக்குப் பூச்சு. நேரடி வெயிலில், சுற்றியுள்ள காற்றை விட 4.9 டிகிரி குளிர்ந்தது.

நமக்கு அவ்வளவு வேண்டாம், சுண்ணாம்பு போதும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளை, பெரும்பகுதி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அகச்சிவப்பிலோ அது கிட்டத்தட்ட கறுப்பு, மிச்சமிருக்கும் சூட்டைத் தாராளமாக வீசும். பளபளக்கும் தகரம் இதில்தான் தோற்கிறது, வெயிலை ஓரளவு திருப்பினாலும் வாங்கிய சூட்டை வீசத் தெரியாத கஞ்சன். பச்சை நிழல்வலை கட்டுபவர்களும் கவனியுங்கள், பகலில் நல்லது, ராத்திரி அதுவே தளத்துக்கும் வானத்துக்கும் நடுவில் குறுக்கே நிற்கும். சாயங்காலம் சுருட்டிவிடுங்கள்.

தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. 2011-இல் மிக்ஸி, கிரைண்டரோடு மின்விசிறியும் கொடுத்தவர்கள் நாம், மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பும் கொடுக்கலாம். கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தூசியைக் கழுவிவிட்டு பங்குனியில் இரண்டு கோட் அடிக்க வேண்டும். மழை கரைத்துவிடும், அடுத்த வருஷம் மறுபடியும் அடிக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் முக்கால்வாசித் தளத்துக்குத்தான் அடித்தோம். மதியம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு போனால் வெள்ளையில் நிற்கலாம், கோட்டைத் தாண்டினால் துள்ள வேண்டும். மீதியையும் அடித்துவிடலாம் என்றால் அம்மா விடவில்லை, அந்தக் கால்வாசியில்தான் வடகம் சீக்கிரம் காய்கிறதாம்.