எல்லோருக்கும் மாதப் பணம்: உரிமைத் தொகை அதுதானா?

அரசு மாதாமாதம் எல்லோர் கணக்கிலும் பணம் போடலாமா என்று பேச்சு எழுந்தால், சென்னையில் பலரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

அனைவருக்கும் அடிப்படை வருமானம் என்றால், ஒவ்வொரு ஆளுக்கும் தவறாமல் பணமாகத் தருவது. ஏழையா, வேலை பார்க்கிறாரா என்று கேட்காமல் தருவது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய உரிமைத் தொகை, குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தொடக்கத்தில் சுமார் 1.06 கோடிப் பேர் பெற்றார்கள். அப்போது வகுத்த விதிப்படி 21 வயது முடிந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கார் இருக்கக் கூடாது. நில வரம்பும் உண்டு. சென்னைக்காரர்களுக்கு அது பெரிதாக உறைக்காது.

உறைப்பது மின் மீட்டர். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது இரண்டு மாதக் கணக்குக்குச் சராசரியாக 600 யூனிட். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால், அந்த எண்ணிக்கை யாருடைய வசதியைக் காட்டும்? சல்லடை போட்டுச் சலித்தால், சேர வேண்டியவரும் சில நேரம் வெளியே விழுவார். விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் இ-சேவை மையம் வழியாக 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்ததும் அதனால்தான்.

சரி, சல்லடையே வேண்டாம் என்றால்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகை 7.21 கோடி. ஆளுக்கு 1,000 என்றால் ஆண்டுக்கு 86,000 கோடிக்கு மேல் போகும். 1.06 கோடிப் பேருக்கு ஆவது ஏறத்தாழ 12,700 கோடிதான்.

சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2011இல் மத்தியப் பிரதேச கிராமங்களில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு மாதாமாதம் பணம் கொடுத்து நடத்திய சோதனையில் மக்களின் உழைப்பு குறையவில்லை. எனக்குள்ள கவலை வேறு. 2016-17 மத்திய பொருளாதார ஆய்வறிக்கை, இப்போதுள்ள மானியங்களுக்குப் பதிலாக இப்படிப் பணம் தரலாமா என்று விவாதித்தது. நம் ரேஷன் அரிசி அதில் அகப்படக் கூடாது. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவான ரேஷனை விடவில்லை. விலைவாசி ஏறினால் 1,000 ரூபாய் சுருங்கிவிடும். 20 கிலோ அரிசி அன்றைக்கும் 20 கிலோதான்.

முதலில் 60 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், மாதத் தொகை தந்து பார்க்கலாம். வயதுச் சான்று மட்டும் போதும், மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை.