ம, நி: இரண்டு வீடுள்ள ஒரு ஜோடி

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குப் படிக்கிறாள். ‘ஜி செவன்த் கார்டு வந்தால் அடுத்தது சி மேஜர்’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். (கார்டு, அதாவது chord, என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது.) ஏன் என்று மகள் கேட்டதற்கு ‘அது விதி’ என்று பதில் வந்திருக்கிறது. “அது யார் போட்ட விதி? வேறு கார்டு வாசித்தால் என்ன ஆகும்?” என்பது அவர் கேள்வி.

நல்ல கேள்வி. பக்கத்தில் கீபோர்டு இருந்தால் ஜி, பி, டி, எஃப் நான்கு கட்டைகளையும் சேர்த்து அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். “நேற்று உங்க அண்ணனைப் பார்த்தேன், பார்த்தால்...” என்று ஆரம்பித்த ஒருவர் அப்படியே எழுந்து போய்விட்டால் எப்படி இருக்கும்? அந்தத் தவிப்புதான் இது. இப்போது சி, இ, ஜி வாசியுங்கள். சரி, தவிப்பு அடங்கிவிட்டது.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். அதிர்வெண் இரட்டித்தால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். அந்த இடைவெளியைப் பியானோவில் 12 சம படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல சுமார் 1.0595 மடங்கு. சி-யை ஸட்ஜமாக வைத்தால் வெள்ளைக் கட்டை ஏழும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) இல்லாமல் அது ராகமாகிவிடாது. ஸ்வர இடங்கள் மட்டும்தான் ஒன்று. மேலைநாட்டில் இதற்குப் பெயர் மேஜர் ஸ்கேல். இனி நம் ஸ்வரப் பெயர்களையே சொல்கிறேன், பின்தொடர்வது எளிது. சி மேஜர் என்பது ச க ப. ஜி செவன்த் என்பது ப நி ரி ம.

ச க ப ஏன் இதமாக ஒலிக்கிறது? ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. நடு ச 261.63 ஹெர்ட்ஸ், அதன் மும்மடங்கு 784.9. நடு ப 392, அதன் இருமடங்கு 784. கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொள்கின்றன. ம-வையும் நி-யையும் எடுத்துப் பாருங்கள். ம 349.23, மும்மடங்கு 1047.7. நி 493.88, இருமடங்கு 987.8. நடுவில் 60 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஒன்றாகவும் சேராமல், தனித்தனியாகக் கேட்கும் அளவுக்கு விலகியும் நிற்காமல் இருப்பதால் காதில் ஒரு சொரசொரப்பு உண்டாகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-லேயே இந்தச் சொரசொரப்பைக் கணக்குப் போட்டு விளக்கிவிட்டார்.

ஆனால் சொரசொரப்பு மட்டுமே காரணம் என்றால், ச-வையும் பக்கத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்தினால் இன்னும் அதிகமாகத் தவிக்க வேண்டும். உறுத்துகிறது, உண்மைதான். ஆனால் ‘இங்கே போ’ என்று எதையும் சுட்டுவதில்லை. ம–நி ஜோடி சுட்டுகிறது. அதற்கு ஒரு காரணம் பக்கத்து வீடு. நி-க்கு ஒரே ஒரு படி மேலே ச. ம-வுக்கு ஒரே ஒரு படி கீழே க. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, இரண்டும் ச க ப கார்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. இன்னொரு காரணம் அபூர்வம். வெள்ளைக் கட்டைகளில் எந்த இரண்டை எடுத்தாலும், ஆறு படி இடைவெளியில் நிற்கும் ஜோடி ம–நி ஒன்றுதான். ஏழு படி இடைவெளியோ ச–ப, ரி–த, க–நி என்று பல இடங்களில் வருகிறது. அதனால் ம–நி கேட்டதும், இந்தப் பாட்டின் ஸட்ஜம் எங்கே என்று காதுக்கு ஒரு துப்பு கிடைத்துவிடுகிறது.

இந்த ஆறு படி இடைவெளிக்கு ட்ரைடோன் என்று பெயர். ‘சாத்தானின் ஸ்வரம் என்று அஞ்சி இடைக்காலத்தில் திருச்சபை இதற்குத் தடை போட்டது, வாசித்தவர்களைத் தண்டித்தது’ என்று ஒரு கதை வாட்ஸ்ஆப்பிலும் யூடியூபிலும் சுற்றுகிறது. அப்படி ஒரு தடைக்கு ஆதாரமே இல்லை. பாடுவதற்குக் கடினமான இடைவெளி என்பதால் பழைய ஆசிரியர்கள் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். சாத்தான் என்ற பட்டப்பெயர் 18-ஆம் நூற்றாண்டையொட்டிய இசைப் பாடநூல்களில்தான் வருகிறது. ஒலிக்கு நல்ல ஒலி, கெட்ட ஒலி என்று ஜாதகம் எழுதுவதை நாம் விட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்கு இசை சொல்லித்தரும் இடத்தில் அவசியம் விட வேண்டும்.

ம–நி தரும் எதிர்பார்ப்பை ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். பீத்தோவனின் முதல் சிம்பொனி 1800 ஏப்ரலில் வியன்னாவில் அரங்கேறியது. அது சி மேஜரில் அமைந்தது. ஆனால் தொடங்குவது சி செவன்த் கார்டில். அது எஃப்-க்குப் போகச் சொல்லும் கார்டு. ஸட்ஜம் எது என்று சொல்வதற்கு முன்பே கேட்பவர்களை வேறு வீட்டு வாசலுக்கு அழைத்துப் போய்விடுகிறார்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ம-விலிருந்து நி ஆறு படி. நி-யிலிருந்து மேல் ஸ்தாயி ம-வும் ஆறு படிதான். ஸ்தாயியின் 12 படிகளை ட்ரைடோன் சரிபாதியாக வெட்டுகிறது. வேறு எந்த இடைவெளிக்கும் இந்தக் குணம் இல்லை. ச–ப ஏழு படி என்றால் ப–மேல் ச ஐந்து படி. தலைகீழாக்கினால் ஆள் மாறிவிடுகிறது. ம–நி தலைகீழானாலும் அதே ஆள்.

இதனால் என்ன? 12 ஸ்வரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறே ஆறு ட்ரைடோன் ஜோடிகள்தான். ஆனால் ஜி செவன்த் போன்ற கார்டுகள் ஒரு ஸ்வரத்துக்கு ஒன்றாக 12 இருக்கின்றன, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு ட்ரைடோன். ஆக, ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு கார்டுகள் பங்கு போட்டுக்கொண்டே ஆக வேண்டும். ஜி செவன்த்தோடு ம–நி-யைப் பங்குபோடும் கார்டு எது? டி ஃப்ளாட் செவன்த். நம் பெயரில் சொன்னால் சுத்த ரிஷபம் (ச-வுக்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டை), ம, சுத்த தைவதம் (ப-வுக்கு ஒரு படி மேலே உள்ள கறுப்புக் கட்டை), நி. ப-வும் சதுஸ்ருதி ரிஷபமும் (இதுவரை ரி என்று சொன்ன வெள்ளைக் கட்டை) போய்விட்டன. இரண்டு கறுப்புக் கட்டைகள் வந்துவிட்டன. தவிப்பை உண்டாக்கும் ஜோடி மட்டும் அசையவில்லை. அப்படியானால் இந்தப் புதிய கார்டும் ச க ப-வுக்கே கொண்டுபோய் விட வேண்டும் அல்லவா? விடுகிறது!

ஜாஸ் கலைஞர்கள் இதை ட்ரைடோன் சப்ஸ்டிட்யூஷன் என்பார்கள். 1940-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் போன்ற இடங்களில் விடிய விடிய வாசித்த தெலோனியஸ் மங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி தலைமுறை இதைத் தாராளமாகக் கையாண்டது. ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்டு வரிசையில், அடியில் ஒலிக்கும் பெரிய தந்திக் கருவியான டபுள் பேஸின் ஸ்வரம் ரி, ப, ச என்று தாவித் தாவிப் போகும். நடுக் கார்டை மாற்றியதும் பேஸ் என்ன ஆகிறது பாருங்கள்: சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம், ச. ஒவ்வொரு படியாக வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. மேலே ம–நி அதே இடத்தில், கீழே தரை மட்டும் நகர்கிறது. இதை முதன்முதலாக வாசித்துப் பார்த்த அன்று, அந்த மூன்று கார்டை விட்டு எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை.

இது ஜாஸின் தனிச்சொத்து என்றும் சொல்ல முடியாது. ஷூபர்ட் 1828-ல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய சி மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட்டின் (ஐந்து தந்திக் கருவிகளுக்கான இசை) கடைசி நகர்வும் சுத்த ரிஷபத்திலிருந்து ச-வுக்கு இறங்குவதுதான்.

அப்படியானால் இந்த விதி இயற்கை போட்டதா, பழக்கம் போட்டதா? பாதிப் பாதி என்றே நினைக்கிறேன். சொரசொரப்பு காதின் அமைப்பிலிருந்து வருகிறது. அதை வெறுப்பதும், அதற்கு ஒரு முடிவை எதிர்பார்ப்பதும் கேட்டுக் கேட்டு வருபவை. போலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் ஆய்வாளர் ஜோஷ் மெக்டெர்மட்டின் குழு நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. இதமான கார்டும் உறுத்தும் கார்டும் அவர்களுக்கு ஒரே அளவு பிடித்திருந்தன. அவ்வளவு தூரம் போவானேன், ப்ளூஸ் இசையில் செவன்த் கார்டேதான் வீடு. பாட்டு அதிலேயே தொடங்கி, பெரும்பாலும் அதிலேயே முடிகிறது, யாரும் தவிப்பதில்லை. ஒரு ஸ்வரத்தைத் தம்புராவோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ம–நி எப்படிப் படுகிறது? இதைச் சோதிக்கத் தமிழ்நாட்டைவிட நல்ல இடம் உண்டா? பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நல்ல ஹெட்போனும், பொறுமையான ஆய்வு மாணவர்களும், சில ஆண்டுகளுக்கு உதவித்தொகையும் போதும். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டே இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் தர மறுக்கும் வழக்கம் மாற வேண்டும்.

காரைக்குடி வாசகருக்கு: தேர்வில் பாடத்திட்டத்தில் உள்ளபடியே மகள் வாசிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் வலது கையில் ம–நி-யை விடாமல் பிடித்துக்கொண்டு, இடது கையில் ஒருமுறை ப, ஒருமுறை ச-வுக்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டை என்று மாற்றி அழுத்தச் சொல்லுங்கள். இரண்டிலிருந்தும் ச க ப-வுக்குப் போகட்டும். அப்புறம், அதே கறுப்புக் கட்டையிலிருந்து நி-யை ஒரு படி கீழேயும் ம-வை ஒரு படி மேலேயும் நகர்த்தச் சொல்லுங்கள். அந்த ஜோடியின் இன்னொரு வீடு, எஃப் ஷார்ப் மேஜர், அங்கே திறக்கும்.