ம்யூல்: ஷுல்ட்டின் குப்பைக்குத் தமிழ் என்ன?

குப்பைக்கு ஜெர்மன் மொழியில் 'ம்யூல்' என்று பெயர். 'உ' சொல்ல உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள். அந்த உயிரொலி வந்துவிடும். அரைத்தலைக் குறிக்கும் 'மாலன்' என்ற வினைக்கு உறவான சொல் இது. மாவைக் குறிக்கும் 'மேல்' என்பதும் அதே குடும்பம்தான். வட ஜெர்மன் வழக்கில் முதலில் தூசி, பொடிமண் என்றே பொருள். வீட்டில் கூட்டித் தள்ளுவது என்ற பொருள் பிறகு ஏறியது.

என்னை இந்தச் சொல்லிடம் கொண்டுவந்தவர் எச்.ஏ. ஷுல்ட், குப்பையைக் கலையாக்கும் ஜெர்மன் கலைஞர். 1939இல் பார்ஹிம் நகரில் பிறந்தவர். 1969இல் மூனிக்கின் ஷாக் தெருவைக் கழிவுக் காகிதத்தால் நிரப்பினார். 1976இல் வெனிஸின் புனித மாற்கு சதுக்கத்தைப் பழைய செய்தித்தாள்களால் மூடினார். 1996இல் வந்தது 'ட்ராஷ் பீப்பிள்'. ஆள் உயரத்தில் ஆயிரம் உருவங்கள். கிட்டே போனால் மார்பில் நசுங்கிய டின்கள், உடைந்த கணினிப் பாகங்கள். ஜெர்மனியின் க்ஸான்டன் நகரிலுள்ள ரோமானிய அரங்கில் தொடங்கிய கூட்டம் மாஸ்கோ செஞ்சதுக்கம் (1999), சீனப் பெருஞ்சுவர் (2001), கீசா பிரமிடுகள் (2002) என்று போய் நின்றது. இவ்வுருவங்களுக்கு ஜெர்மன் மொழியில் 'ம்யூல்மென்ஷன்' என்று பெயர்; 'மென்ஷன்' என்றால் மனிதர்கள்.

தமிழில் 'கழிவு மனிதர்கள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'திடக்கழிவு மேலாண்மை' என்ற அலுவலக வாடை அதில் வீசுகிறது. உடற்கழிவின் நினைவும் குறுக்கே வருகிறது.

'குப்பை' அப்படியல்ல. அதன் பழைய பொருள் குவியல். நற்றிணையில் உமணர் விற்கும் உப்பு, குன்று போன்ற 'குப்பை'யாகக் கிடக்கிறது. அங்கே இழிவு துளியும் இல்லை. கிராமத்தில் இன்றும் 'வயலுக்குக் குப்பை அடிக்கிறோம்' என்றால் எருவைத்தான் சொல்கிறார்கள். ஜெர்மன் சொல் பொடியிலிருந்து வந்தது, நம் சொல் குவியலிலிருந்து வந்தது. ஆயிரம் உருவங்களைக் குவித்து நிறுத்தும் கலைக்கு நம் சொல்லே நெருக்கம் என்பேன். ஒரு வேறுபாடு மட்டும் உறுத்துகிறது: எருக்குப்பை மக்கி மண்ணாகிவிடும், டின்னும் பிளாஸ்டிக்கும் அப்படி ஆவதில்லை.

'குப்பை மனிதர்கள்' என்றால் வசைபோல் ஒலிக்கிறதே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். ஒலிக்கட்டும். வீசியெறிந்தவர்களின் உருவில்தானே ஷுல்ட் அவற்றை நிறுத்தியிருக்கிறார்!