தேடும் பெட்டிக்குப் பின்னால் திறந்து கிடக்கும் கதவு

சென்ற வாரம் ஒரு துணிக்கடைக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். கடையின் இணையதளத்தில் "சுங்குடி" என்று தேடினாலும் "பட்டு" என்று தேடினாலும் ஒன்றும் வரவில்லை. தேடலுக்கான எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருள் ஓடும் சர்வரைத் திறந்து பார்த்தேன். சேலை விவரங்களைத் தேடுவதற்காகச் சேர்த்துவைத்திருந்த தரவுத் தொகுப்பை, அதாவது இண்டெக்ஸை, காணோம். அந்த இடத்தில் "ரீட் மீ" என்று ஒன்று. உள்ளே ஒரே ஒரு பதிவு: பிட்காயின் அனுப்பினால் தரவைத் திருப்பித் தருவார்களாம். இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது கடை இது.

தளத்தைக் கட்டிய தம்பியைக் கேட்டேன். "அண்ணா, பக்கத்துல சர்ச் பாக்ஸ் மட்டும்தானே இருக்கு? டெலீட் பட்டனே கிடையாதே" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பட்டன் இல்லாதது உங்கள் பக்கத்தில்தான். சர்வருக்கு உங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. போர்ட் என்பது சர்வரின் நுழைவாயில்; எலாஸ்டிக்சர்ச்சின் 9200 போர்ட்டுக்கு வரும் கோரிக்கை "தேடு" என்றால் தேடும், "அழி" என்றால் அழிக்கும். இரண்டுக்கும் ஒரே கதவு.

அதே அமைப்பில் அவர் வைத்திருந்த சோதனைத் தளத்தில் செய்தே காட்டினேன். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, போய்வரும் கோரிக்கைகளைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவிட்டு, "சுங்குடி" என்று தேடினோம். சர்வர் முகவரி, போர்ட், இண்டெக்ஸ் பெயர் எல்லாம் அப்படியே கண்முன்னே. கோரிக்கையில் முடிவுகளின் எண்ணிக்கை 10 என்றிருந்ததை 500 ஆக்கினேன். 500 சேலைகள் வந்தன. "விற்பனையில் உள்ளவை மட்டும்" என்ற வடிகட்டியை எடுத்தேன். நிறுத்திவைத்த சரக்கும் வந்தது. கூடவே கொள்முதல் விலை, நெசவாளரின் கைப்பேசி எண். பக்கம் அவற்றைக் காட்டவில்லையே தவிர, சர்வர் ஒவ்வொரு தேடலுக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தம்பிக்கு முகம் வாடிவிட்டது.

"கார்ஸ் போட்டிருக்கேனே?" கார்ஸ் என்பது எந்தத் தளத்தின் பக்கம் சர்வரின் பதிலைப் படிக்கலாம் என்று பிரவுசர் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு. பிரவுசரே இல்லாமல் கர்ல் கட்டளையில் கோரிக்கை அனுப்புபவரை அது தடுக்காது.

"ஃபயர்வால் மூடித்தான் இருக்கு." இதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் போர்ட்டை வெளியே திறந்துவிட்டால், உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிக்கொண்டு அது திறந்துகொள்ளும். அனுபவசாலிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். டாக்கர் அமைப்பில் போர்ட் எண்ணுக்கு முன்னால் அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 முகவரியைச் சேர்த்து எழுதுங்கள்.

சின்னக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். யாரும் பெயர் பார்த்து வருவதில்லை. திறந்த போர்ட்டுகளை நிரல்கள் இரவும் பகலும் துழாவுகின்றன. 2017 ஜனவரியில் இதே பிட்காயின் மிரட்டல் திறந்து கிடந்த எலாஸ்டிக்சர்ச் சர்வர்களைப் பதம் பார்த்தது. 2020 ஜூலையில் வந்த "மியாவ்" தாக்குதல் பணம்கூடக் கேட்கவில்லை, அழித்துவிட்டுப் போனது. 2022-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து எலாஸ்டிக்சர்ச் கடவுச்சொல்லோடுதான் நிறுவப்படுகிறது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான சோலர், 9.0 பதிப்பிலிருந்து தானாக உள் முகவரியில் மட்டுமே கேட்கும். ஏதோ பிழைச்செய்தி வந்தது என்று அந்தப் பூட்டை நாமே கழற்றிவிடுகிறோம். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

பிரவுசர் உங்கள் நிரலிடம் பேசட்டும், உங்கள் நிரல் மட்டும் தேடல் சர்வரிடம் பேசட்டும். வெளியிலிருந்து இரண்டே இரண்டு விஷயம் வாங்குங்கள்: தேடும் சொல், பக்க எண். எத்தனை முடிவுகள், எந்த வடிகட்டி, எந்தப் புலங்கள் என்பதை உங்கள் நிரல் முடிவு செய்யட்டும். பக்க எண்ணுக்கும் வரம்பு வையுங்கள். எலாஸ்டிக்சர்ச் தானாகவே 10,000 முடிவுகளோடு நிறுத்திக்கொள்ளும். அதை உயர்த்தச் சொல்லிப் பலர் என்னிடம் வருகிறார்கள். ஆயிரமாவது பக்கம் கேட்டால், அதுவரை உள்ள அத்தனை முடிவுகளையும் இண்டெக்ஸின் ஒவ்வொரு துண்டும், அதாவது ஷார்டும், வரிசைப்படுத்தியாக வேண்டும். சேலை வாங்க வந்தவர் அவ்வளவு தூரம் புரட்டமாட்டார். கொள்முதல் விலையை இண்டெக்ஸில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பணம் அனுப்ப வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அனுப்பினாலும் தரவு வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நல்லவேளை, சரக்கு விவரம் முழுவதும் கடையின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தது. போர்ட்டை மூடி, கடவுச்சொல் போட்டுவிட்டு, அங்கிருந்து திரும்ப ஏற்றினோம். வெளியே போன எண்களை மட்டும் திரும்பப் பெற வழியில்லை. அந்த நெசவாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

உங்கள் சர்வரை இப்போதே பார்த்துவிடுங்கள். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சர்வர் முகவரியோடு 9200 சேர்த்துத் திறங்கள். சோலர் என்றால் 8983. கடவுச்சொல் கேட்காமலே "யூ நோ, ஃபார் சர்ச்" என்ற வரியோ சோலரின் நிர்வாகப் பக்கமோ வந்தால், மற்ற வேலையெல்லாம் அப்புறம்; முதலில் போர்ட்டை மூடுங்கள்.