ஒரு வாரம் சும்மா ஓடிய தொட்டியில் என்ன வளரும்?

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார். ஒரு வாரம் ஃபில்டரை ஓடவிட்டு, அப்புறம்தான் மீனே விட்டோம். நாலே நாள்ல எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது.”

இந்த வாரத்தில் மட்டும் இது மூன்றாவது அழைப்பு. மீன்தொட்டி அமைப்பதும் மீன்களுக்கு நோய் பார்ப்பதும் என் பிழைப்பு என்பதால், அடுத்து வரப்போகும் கேள்வியும் எனக்குத் தெரியும். “என்ன மருந்து போடலாம்?” மருந்து எதுவும் வேண்டாம். அந்த மீன்களுக்கு நோயே இல்லை. அவை இருக்கும் தண்ணீரில் அவற்றின் கழிவே நஞ்சாகிக்கொண்டிருக்கிறது.

அந்த ‘ஒரு வாரம் ஓடவிட்டோம்’ என்பதைத்தான் கொஞ்சம் பேச வேண்டும். யார் முதலில் சொன்னார்களோ தெரியவில்லை, விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் தலையாட்டுகிறார். வெறும் தண்ணீர் ஒரு வாரம் சுற்றினால் என்ன நடக்கும்? மோட்டார் ஓடுகிறதா, கண்ணாடி ஒழுகுகிறதா என்று தெரியும். தண்ணீரில் வெறும் குளோரின் மட்டும் இருந்தால் அது வெளியேறும். அவ்வளவுதான். மீன் கழிவில் வரும் நஞ்சு அம்மோனியா; நமக்கு வேண்டிய பாக்டீரியா அதைத் தின்று பிழைப்பவை. மீன் இல்லை, அழுகும் தீனி இல்லை, அம்மோனியா இல்லை. எதைத் தின்று வளரும்? ஒரு வாரத்துக்குப் பதில் ஒரு மாதம் ஓடவிட்டாலும் கதை இதேதான். நீங்கள் மீன் விட்ட நாள்தான் அந்தத் தொட்டிக்கு முதல் நாள். அதுவரை ஓடியது மின்சார மீட்டர் மட்டும்.

சரி, முதல் நாளில் பத்து மீனை ஒன்றாக விடுகிறீர்கள். அம்மோனியாவின் பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறுகிறது. அடியில் கிடக்கும் எச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அம்மோனியாவை ஒரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், அதை இன்னொரு கூட்டம் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். இந்தப் பாக்டீரியா பெருகும் வேகம் மிக மெதுவானது. குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். எல்லாம் நிலைகொள்ளப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.



இன்னொரு இடத்திலும் ஏமாறுகிறார்கள். இரண்டு வாரம் பொறுமையாக இருந்து, அம்மோனியா சுழியத்துக்கு வந்ததும் சந்தோஷத்தில் மீன் வாங்கி வந்துவிடுவார்கள். அப்போதுதான் நைட்ரைட் உச்சத்தில் நிற்கும். அது மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற விடாது. செவுள் பழுப்பு நிறமாகும், ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓடினாலும் மீனுக்கு மூச்சுத் திணறும். சோதனைப் பெட்டியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டின் அளவையும் பாருங்கள். தெளிவான தண்ணீர் எதற்கும் சான்று இல்லை, அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது.

மீன் இல்லாமலே தயார் செய்வது நல்லது. வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாவை, அல்லது அம்மோனியம் குளோரைடை, 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை சேருங்கள். கிடைக்காவிட்டால் தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு அழுகவிடலாம். நாறும், அளவு தெரியாது, ஆனாலும் வேலை செய்யும். 2 பிபிஎம் போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமானால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் விடுங்கள். மீன் வரத் தாமதமானால் அதுவரை அம்மோனியா போடுவதை நிறுத்தாதீர்கள்.

இதைவிடச் சீக்கிரமான வழி, நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பான்ஜ் ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைப்பது. பழைய தொட்டியின் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. பாக்டீரியா ஸ்பான்ஜிலும் செராமிக் வளையத்திலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. பாட்டிலில் விற்கும் பாக்டீரியா? சில வேலை செய்யும், சில செய்யாது. எதுவானாலும் வெறும் தொட்டியில் ஊற்றினால் அதுவும் பட்டினிதான்.

அப்புறம், தயவுசெய்து ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் வைத்துக் கசக்காதீர்கள். ஆறு வாரம் வளர்த்ததை குளோரின் ஒரே கழுவலில் தீர்த்துவிடும். தண்ணீர் மாற்றும்போது வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கி எடுங்கள், போதும். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும். இரவில் சத்தம் வருகிறதென்று ஃபில்டரை அணைக்காதீர்கள், இவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். உங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) இருந்தால் வாளியில் பிடித்து வைப்பதால் மட்டும் அது போகாது, குளோரினை நீக்கும் திரவம் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்றா? திட்டி என்ன பயன். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். தினமும் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம்மை எட்டினால் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். ‘தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடுமே’ என்று பயப்பட வேண்டாம், அவை தண்ணீரில் இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். புது மீன் மட்டும் வாங்காதீர்கள்.

அந்த மூன்றாவது அழைப்புக்காரரிடம் பத்தில் நான்கு மீன் மிச்சம். தினமும் காலையில் இரண்டு எண் அனுப்புகிறார். இன்று அம்மோனியா 0.25, நைட்ரைட் 1. பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.